விடுங்க என்று சொல்ல மறந்த மூச்சக்கா

என் சித்தியை அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவள் மூச்சக்கா. தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்புறம் இருக்கும் ஜன்னலில்லாத எக்ஸ்ரே அறையில் இருபத்தேழு வருஷமாக அவள் சொல்லிவருவது மூன்று வாக்கியங்கள்தான். "மூச்ச நல்லா உள்ள இழுங்க. அப்படியே பிடிங்க. ம், விட்டுடுங்க." லிஃப்டில் நெருக்கியடித்து நிற்கும்போது அவளைக் கண்டுவிட்டால் யாராவது ஒருத்தர் பின்னாலிருந்து, "அக்கா, பிடிக்கவா, விடவா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சித்தி முகத்தைக்கூடத் திருப்பாமல், "உன் மாடி வர்ற வரைக்கும் பிடி," என்பாள்.

ஆறு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான் தங்கியது அவள் வீட்டில்தான். அம்மா அண்ணனோடு இருக்கிறாள். அங்கே போனால் செருப்பைக் கழற்றுவதற்குள் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும். சித்தி அதெல்லாம் பேசமாட்டாள். பேச அவளுக்கு நேரமும் கிடையாது. ஒரே மகள் வேறு ஊரில் குடும்பமாக இருக்கிறாள். வீட்டில் அவளும் சித்தப்பாவும் மட்டும். சித்தப்பா ஓய்வு பெற்ற பஸ் நடத்துனர். காது மந்தம். அவருக்குக் கேட்கிற அளவுக்கு டிவியை வைத்தால் தெரு முழுக்கச் செய்தி கேட்கும்.

சுற்றிய நாட்களில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் மூன்று இடங்களில் நான் தங்கியிருந்தேன். ஓரிடத்தில் பத்து நாள் வாயைத் திறக்கக்கூடாது. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் கடவுள் பக்கத்தில் வந்து உட்காருவார் என்றார்கள். எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். இதைச் சித்தியிடம் சொன்னது தப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போதே, "பிளேன் ஏறிப் போய் மூச்சு விடக் கத்துக்கிட்டு வந்திருக்கா. அதுக்கு முன்னால மீன் மாதிரி செவுள்லதான் விட்டுக்கிட்டு இருந்தா போல," என்றாள்.

இப்படிக் கிண்டல் பண்ணுகிறவள், தானே ஒரு நாளைக்கு நாற்பது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடவுளோடு பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. தற்செயலாகத்தான் பார்த்தேன்.

அடுத்து நான் போக நினைத்திருந்த நாட்டுக்கு விசா வாங்க நெஞ்சு எக்ஸ்ரே கேட்டார்கள். வெளியே எங்கேயோ போவானேன் என்று சித்தியிடமே போனேன். வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தச் சொன்னாலும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறவள், அந்த அறைக்குள் வேறு ஆளாக இருந்தாள். என் தாடையை எக்ஸ்ரே தகட்டின் விளிம்பில் ஏற்றி வைத்தாள். கைகளை மடக்கி இடுப்பில் வைக்கச் சொல்லி, முழங்கைகளை மெதுவாக முன்னுக்குத் தள்ளினாள். தகடு சில்லென்று இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னாள். முதல் படம் முடிந்தது. இரண்டாவது பக்கவாட்டில். கைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றபோது, அவள் நிற்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இழுங்க. அப்படியே பிடிங்க." வாய்ப்பழக்கத்தில் என்னையும் வாங்க போங்க என்றுதான் சொன்னாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அவளும் மூச்சைப் பிடித்தாள். கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. கண்ணை மூடவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நாற்காலியில் நான் போடும் ஈரத் துண்டைப் பார்த்து முகம் சுளிக்கிற பார்வை இல்லை அது. உதடு கொஞ்சம் அசைந்தது. அப்புறம், "விட்டுடுங்க," என்றாள். எல்லாம் சேர்த்து இரண்டு நொடி இருக்கும்.

யாரிடம் பேசினாய் என்று அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். பேசவில்லை என்றாள். உதடு அசைந்ததே என்றேன். பல்லில் ஏதோ மாட்டியிருந்தது என்றாள். நான் விடவில்லை. இரண்டு பஸ்ஸைத் தவறவிட்ட பிறகு, திருடி மாட்டிக்கொண்டவளைப்போலக் கோபத்தோடு ஒப்புக்கொண்டாள்.

அது பயத்தில் ஆரம்பித்த பழக்கம். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃபிலிம்தான். நோயாளி அசைந்தாலோ பாதியில் மூச்சை விட்டாலோ விலா எலும்பெல்லாம் புகை பட்டதுபோல் கலங்கி வரும். மறுபடி எடுக்க வேண்டும். மேலேயிருந்து திட்டு விழும். ஒருநாள் ஒரு சின்னப் பெண் அழுகையை நிறுத்தவே இல்லை. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. ஏற்கெனவே இரண்டு ஃபிலிம் வீணாகியிருந்தது. சித்தி கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காட்டினாள். மனசுக்குள், 'கடவுளே, ஒரே ஒரு நொடி' என்றாள். அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்து அழ மறந்து தானும் கன்னத்தை உப்பினாள். படம் பளிச்சென்று வந்தது.

அதிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு நொடியைக் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். முதலில் படம் நன்றாக வர வேண்டும் என்பதுதான் வேண்டுதல். எந்த வருஷம் என்று அவளுக்கே தெரியவில்லை, வேண்டுதல் படத்தை விட்டு ஆளின் பக்கம் நகர்ந்துவிட்டது. 'இவரப் பாத்துக்கோ.' 'இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது.' 'இந்தம்மாவுக்குத் துணைக்கு யாரையாவது அனுப்பு.' ஒரு மூச்சுக்குமேல் போகாது. போனால் எதிரில் நிற்பவர் தாங்கமாட்டார். படம் மேல்மாடி டாக்டரிடம் போய்விடும். அதற்கப்புறம் அவருக்கு என்ன ஆனது என்பது எக்ஸ்ரே எடுப்பவளுக்குத் தெரிய வழியில்லை. இருபத்தேழு வருஷமும் அவள் கேட்டதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

"மத்த இடத்துல எனக்கு வராதுடி," என்றாள். வழிபாட்டுக்குப் போனால் கூரையில் எத்தனை மின்விசிறி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு இருப்பாளாம். வீட்டில் கண்ணை மூடினால் அரைத்து வைத்த மாவு மூடாமல் கிடப்பது தெரியுமாம். "அந்த ரெண்டு நொடியிலதான் மெஷினைத் தவிர யாருக்கும் வேலை கிடையாது. நிக்கிறவரும் சும்மா, நானும் சும்மா. கடவுள் அப்ப வந்துட்டுப் போவாரு."

நான் வந்து நாலு மாதம் ஆகியிருந்தபோது அது நடந்தது.

நோயாளி ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும். சட்டையைக் கழற்றச் சொன்னதும் கழற்றி, கடையில் மடிப்பதுபோல் மடித்து நாற்காலியில் வைத்தவர். சொன்னால் சொன்னபடி நிற்கிற ஆள். எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு அப்படிப்பட்டவர் கிடைப்பது பெரிய விஷயம். இழுங்க என்றாள், இழுத்தார். பிடிங்க என்றாள், பிடித்தார். பொத்தானை அழுத்தினாள். இப்போது ஃபிலிம் கிடையாது. மூன்று நொடியில் படம் திரையில் வந்துவிடும். வழக்கமாக, விடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் திரையைத் திரும்பிப் பார்ப்பாள். அன்றைக்கு என்னவோ கண் முதலில் அங்கே போய்விட்டது.

வலது நுரையீரலில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வெள்ளை.

அது என்ன என்று சொல்வது அவள் வேலையில்லை. ஆனாலும் இருபத்தேழு வருஷம் பார்த்த கண். நாற்காலியில் மடித்து வைத்த சட்டையையும் திரையையும் பார்த்தாள். வேண்ட ஆரம்பித்தாள். ஒரு மூச்சு போதவில்லை. அடுத்ததையும் எடுத்துக்கொண்டாள். அப்புறம் இன்னொன்று. அந்த வேனில் ஏறும் பிள்ளைகளைப் பற்றிக்கூடச் சொன்னாளாம். தகட்டில் தாடையை வைத்துக்கொண்டு, முழங்கைகளை முன்னுக்குத் தள்ளியபடி அந்த மனிதர் உண்மையாக மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சத்தம் கேட்டுத்தான் சித்திக்கு நினைவு வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் மயங்கித் தரையில் சரிந்திருந்தார். விழும்போது நெற்றி, தகட்டைப் பிடித்திருக்கும் தாங்கியின் ஓரத்தில் இடித்து வீங்கியிருந்தது. கண்ணைத் திறந்ததும் அவர் முதலில் சொன்னது, "நீங்க விடச் சொல்லலையே மேடம்."

அவர் புகார் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டதாகக்கூடச் சித்தி சொன்னாள். புகார் சொன்னது வெளியே காத்திருந்த அவர் மனைவி. மூச்சு முட்டுது என்று வந்தவரை மூச்சை நிறுத்தி அனுப்புவீர்களா என்று வரவேற்பு மேசையில் நின்று கேட்டாராம். அந்த அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

எக்ஸ்ரே பிரிவுக்கு ஒரு தலைவர் உண்டு. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எதையும் வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போவதால் எல்லாரும் அவரைச் சுற்றறிக்கை என்பார்கள். மோசமான ஆள் இல்லை. என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொன்னார். சித்தி ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'எனது கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றிரவு சாப்பிட உட்கார்ந்து தட்டைத் தள்ளிவிட்டாள். "கவனக்குறைவாம். அன்னைக்குத்தான்டி நான் முழுக் கவனமா இருந்தேன்."

பத்து நாளில் எக்ஸ்ரே அறையில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பதிவு செய்த பெண் குரல். பொத்தானை அழுத்தினால் அதுவே பேசும்: "மூச்சை உள்ளிழுக்கவும். நிறுத்தவும். வெளிவிடவும்." நிறுத்தவும் என்பதற்கும் வெளிவிடவும் என்பதற்கும் நடுவில் சரியாக நாலு நொடி. இனிமேல் மூச்சைப் பற்றி ஊழியர்கள் நோயாளியிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று கதவில் காகிதம் ஒட்டப்பட்டது. சித்தி அந்தக் குரலுக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தாள்.

சீமாட்டி யாருக்காகவும் காத்திருக்கமாட்டாள். இருமுகிறவர் இருமி முடிப்பதற்குள் நிறுத்தச் சொல்லிவிடுவாள். ஒரு பெரியவர், யாரது என்று கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்தப் படத்தில் அவருக்கு இரண்டு தாடை. ஒரு பெண் நிறுத்தவும் என்றதும் தப்புச் செய்துவிட்டதாகப் பயந்து தகட்டை விட்டே விலகி நின்றாள்.

வேண்டுதல் என்ன ஆனது என்று கேட்டேன். நாலு நொடி இருக்கிறதே, முன்பைவிட அதிகம்தானே என்றேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"யாரோ பக்கத்துல நின்னு மணி பாக்குற மாதிரி இருக்குடி. நான் சொல்லி, அவங்க பிடிச்சு, நானும் கூடவே பிடிச்சா அது ஒண்ணு. இப்ப அவ சொல்றா, அவங்க பிடிக்கிறாங்க. நான் நடுவுல யாரு? பொத்தான்."

அந்த ஆத்திரம் வீட்டுக்கு வந்தது. அலமாரிக் கதவு அடிபட்டது. துவைத்த துணி திரும்பவும் துவைக்கப்பட்டது. சித்தப்பா தன் பாட்டுக்கு டிவி பார்த்தால் அதற்கு ஒரு பேச்சு. பேச்சுக்குப் பயந்து அணைத்தால், ஏன் இப்படி உர்ரென்று உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று இன்னொரு பேச்சு. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சித்தப்பா என்னிடம் சொன்னார்: "அங்க அவள மூச்சு விட விடமாட்டேங்கிறாங்க. அதான் மொத்தத்தையும் இங்க கொண்டுவந்து விடுறா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பத்து நாள் வாயக் கட்டிக்கிட்டு இருந்தியே, அங்க என்ன சொல்லிக்குடுத்தாங்க? சொல்லு."

நான் சொல்லிக்கொடுத்தேன். முதுகை நேராக வைக்க வேண்டும். மூச்சை மாற்றக்கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். உள்ளே போகும்போது ஒரு வார்த்தை, வெளியே வரும்போது ஒரு வார்த்தை. பிடித்த வார்த்தையாக இருந்தால் போதும். அதுவே வேண்டுதல் ஆகிவிடும். நான் பாதிகூட நம்பாததை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சித்தி கண்ணை மூடினாள். நெற்றி சுருங்கியது. மூக்கு விடைத்தது. பாறாங்கல்லை நகர்த்துகிறவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"பாக்குறியா சித்தி?"

"பாக்குறேன். பாக்க அதுல என்ன இருக்கு?"

"சும்மா பாரு."

நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. நான் நிம்மதிப்படப் போன நேரத்தில், கண்ணைத் திறக்காமலே, "மேல தொட்டி நிரம்பி வழியுது, காதுல விழுதா?" என்றாள். உண்மையிலேயே வழிந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் முயன்றோம். காலையில் எழுந்ததும், குளித்த பிறகு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது. எதுவும் நடக்கவில்லை. எதிரில் ஆள் இல்லாமல் எனக்கு வரமாட்டேங்கிறது என்றாள். அப்படியானால் ஆளை நிறுத்துவோம் என்று ஒருநாள் சித்தப்பாவைப் பிடித்துவந்து சுவரோரம் நிறுத்தினாள். அவர் தாடையைத் தூக்கி, முழங்கையை முன்னுக்குத் தள்ளி, நாலடி தள்ளிப் போய் நின்றாள். இழுங்க என்றாள். பிடிங்க என்றாள். சித்தப்பா பிடித்தார். சித்தி அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு என்ன வியாதின்னு சொல்லிட்டாவது நிக்க வைங்க," என்றார் சித்தப்பா, மூச்சை விட்டுவிட்டு.

"உங்களுக்கு என்ன. கல்லு மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு என்னத்த வேண்ட?" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன். அவள் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என் சிரிப்பு நின்றுபோனது.

"இருபத்தேழு வருஷம் கும்பிட்டிருக்கேன்னு நெனச்சேன்," என்றாள். "வேலைதான் பாத்திருக்கேன் போல. நெஜமா இருந்திருந்தா, ஒரு பெட்டி வந்ததும் போயிடுமா? அவரு என்ன, டூட்டி நேரத்துல மட்டும்தான் வருவாரா?"

மூன்று இடங்களில் கற்றுவந்ததை ஓரமாக வைத்துவிட்டு, ஆறுதலாகத் தோளைத் தொட்டேன். ஈரக் கையால் தட்டிவிட்டாள்.

வேறு வழியில் முயலலாம் என்று நான்தான் சொன்னேன். மறுபடி எடுக்க வேண்டிவந்த படங்களைக் குறித்துவைக்க எக்ஸ்ரே அறையில் ஒரு நோட்டு உண்டு. பெட்டி வருவதற்கு முன் நாற்பது பேரில் ஒன்றோ இரண்டோ. வந்த பிறகு ஆறு, ஏழு. ஒரு நாள் ஒன்பது. ஒவ்வொரு தடவை மறுபடி எடுக்கும்போதும் அந்த உடம்பில் இன்னொரு முறை கதிர் பாய்கிறது. சித்திக்குத் தன் வேண்டுதலுக்காகக் கேட்கக் கூச்சம். ஆனால் இதற்காகக் கேட்கக் கூச்சமே இல்லை. அவள் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். சீமாட்டி என்று வந்த இடங்களிலெல்லாம் 'பதிவுக் குரல்' என்று மாற்றினேன். குரலை நிறுத்திவிட்டுப் பழையபடி தானே சொல்ல அனுமதி வேண்டும் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் நாள் மாலை, வேலை முடியும் நேரத்தில் சுற்றறிக்கை தானே கீழே இறங்கி வந்தார். சித்தியைக் கூட்டிப்போக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. கடிதத்தில் இருந்த எண்களைத் தானும் சரிபார்த்ததாக அவர் சொன்னார். குரலை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். எனக்கு எழுந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

"ஆனா ஒண்ணு எனக்குத் தெரியணும்," என்றார். "அன்னைக்கு அந்த ஆள நீங்க ஏன் விடச் சொல்லல?"

"அதான் எழுதிக் குடுத்தேனே. கவனக்குறைவு."

"இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட இல்லாத கவனக்குறைவு. மறுபடி வராதுன்னு நான் எத வச்சு எழுதுறது?"

நான் சொல்லாதே, சொல்லாதே என்று நினைத்தேன். சொன்னால் ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்கும். நாளைக்கு லிஃப்டில் கேட்கிற கேள்வி வேறாக இருக்கும். இல்லையென்றால் பழைய படங்களை அடுக்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள்.

"வேண்டிக்கிட்டு இருந்தேன்," என்றாள் சித்தி. "அவருக்காக. படத்தப் பாத்துட்டேன். கவனக்குறைவு இல்ல தம்பி. அன்னைக்குப் பாத்த மாதிரி கவனமா நான் யாரையும் பாத்ததில்ல."

"அவருக்கு மட்டுமா?"

"வர்ற எல்லாருக்கும்தான்."

"எப்ப?"

"பிடிங்கன்னு சொன்னப்புறம். விடுங்கன்னு சொல்றதுக்கு முன்னால."

பேனாவின் தலையை அழுத்தி அழுத்தி விடுகிற சத்தம் கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

"சரி," என்றார். "இனிமே விடுங்கன்னு சொல்லிட்டு வேண்டிக்கோங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். முதல்ல அவங்க மூச்ச விட்டுடணும். அப்புறம் உங்க இஷ்டம்."

மறுநாள் கதவில் புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. நோயாளியை மூச்சை விடச் சொன்ன பிறகே ஊழியர் திரையைப் பார்க்க வேண்டும் என்று ஒரே வரி. வேண்டுதலைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை போலிருக்கிறது; லிஃப்டில் பழைய கேள்வியைத்தான் கேட்டார்கள்.

சித்தி சந்தோஷப்படுவாள் என்று நினைத்த நான்தான் முட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். என் மகள் வயசு, எனக்குச் சொல்லித்தருகிறான் என்றாள். அவர் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டேன். தப்பு இல்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது என்றாள். இருபத்தேழு வருஷமாக இது தனக்குத் தோன்றவே இல்லையே என்றாள். கொஞ்சம் போனதும் திரும்பவும் ஆரம்பித்தாள். விட்டப்புறம் எங்கே நேரம்? விட்ட அடுத்த நொடியே சட்டை எங்கே, செருப்பு எங்கே, படம் எப்போ கிடைக்கும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நெஞ்சைப் படம் எடுத்துவிட்டு வயிற்றில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்பார்கள். பிடித்திருக்கிற அந்த இரண்டு நொடிதான் அமைதி. அதை எடுத்துக்கொண்டு, மீன் கடையைக் கொடுத்துவிட்டான் என்றாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சித்தியின் குரல் மறுபடி கதவுக்கு வெளியே கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முன்னைவிட வேகமாக, கொஞ்சம் கடுப்போடுகூட, "விட்டுடுங்க," என்பாள். இருமுகிறவருக்கு மட்டும், அவர் இருமி முடிக்கிற வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பாள்.

அந்த வாரக் கடைசியில், பஸ் நிறுத்தத்தில், நிலைமை எப்படி என்று கேட்டேன்.

"இன்னைக்கு நாப்பத்தொரு பேரு," என்றாள். "ஒண்ணு கூட முடியல. இவரப் பாத்துக்கோன்னு சொல்ல ஆரம்பிக்கிறேன், சட்டை பட்டன் அறுந்து எங்கயோ உருண்டுடுச்சுங்கிறாரு. குனிஞ்சு தேடுறேன். அடுத்த ஆளு ஒரு பொண்ணு. அவளுக்குன்னு ஆரம்பிச்சா, அவ புள்ள மெஷினைப் பிடிச்சுத் தொங்குது. எல்லாம் பாதி. பாதி, கால், சிலருக்கு வெறும் பேரு மட்டும்."

"அப்ப என்ன பண்றே?"

"என்ன பண்றது? மீதிய அந்தக் கடவுளே சொல்லிக்கட்டும். எனக்கு அடுத்த ஆளு நிக்குது."

இதைச் சொன்னபோதும் அவள் முகத்தில் நிம்மதி ஒன்றும் இல்லை. தலைவலி என்றாள். புடவை முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் பஸ் வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, மூச்சு வாங்க ஏறினாள். பின்னால் சித்தி ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டாள். அவள் உதடு அசைந்தது. "உள்ள போங்கம்மா, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க," என்று நடத்துனர் அவள் தோளுக்குமேல் கத்தினார். சித்தி பாதியில் வாயை மூடி, அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பைகளில் ஒன்றைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.